அரபியின் பெயரில் பெரியப்பாவின் கடை

கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்சில் பெரியப்பாவின் பெயர் இல்லை. நாங்கள் இருந்த வளைகுடா நாட்டில் அப்போது வெளியூர்க்காரன் தன் பெயரில் கடை வைக்க முடியாது. உள்ளூர் அரபி ஒருவர் பெயரில்தான் எல்லாம் இருக்க வேண்டும். அவருக்கு வருடந்தோறும் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நாம் நடத்திக்கொள்ளலாம். இடம் தேடி அலைந்தது, பெரியம்மாவின் நகையை விற்று அடுப்பும் பாத்திரமும் வாங்கியது, பாத்திரம் கழுவுவதிலிருந்து கல்லா வரை தனி ஆளாக நின்று கடையை நிமிர்த்தியது எல்லாம் பெரியப்பா. ஆனாலும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தச் சட்டத்தைத் துண்டால் துடைப்பார். படிப்பு முடித்துக் கல்லாவில் உட்காரப் போயிருந்த நான், இதைப் போய் இத்தனை பக்தியாகத் துடைக்க வேண்டுமா என்று கேட்டேன். "பேரு யாருக்க பேரா இருந்தா என்ன மக்கா? சாப்பிட வாறவனுக்கு நம்ம ருசிதானே தெரியும்" என்று சிரித்தார்.

ருசி தெரியத்தான் செய்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தீர்ந்துபோனால் சண்டைக்கு வருவார்கள். மலையாளிகள் எங்களைப் பாண்டி என்பார்கள், மற்றத் தமிழர்கள் எங்களை மலையாளி என்பார்கள். குமரி மாவட்டத்துக்காரனுக்கு எங்கே போனாலும் இந்தக் கதிதான். பெரியப்பா இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சோறு போட்டார். லைசென்ஸ்காரரான கிழவர் சாயங்காலங்களில் வருவார். பரோட்டாவைப் பாலில்லாத டீயில் முக்கித் தின்றுவிட்டு, பெரியப்பாவின் தோளில் தட்டித் தம்பி என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு சொல்லை நம்பி, தங்களுக்குள் ஒப்பந்தம் என்று ஒரு துண்டுத் தாள்கூட எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக் கேட்டால் அவர் மனது சங்கடப்படுமாம்.

கிழவர் திடீரென்று இறந்துபோனார். பெரியப்பா அன்றே போய்த் துக்க வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கசப்புக் காப்பியைக் குடித்து, உண்மையாகவே அழுதுவிட்டு வந்தார். அங்கே துக்கம் மூன்று நாள்தான். நான்காம் நாள் பிள்ளைகள் சொத்து விவகாரங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்துப் பலசரக்குக் கடை மலையாளி ஓடிவந்து, மூத்த மகனை உடனே பார்த்து லைசென்ஸ் காரியத்தைப் பேசி முடித்துவிடும்படி தலைபாடாக அடித்துக்கொண்டார். நானும் சொன்னேன். பெரியப்பா அசையவில்லை. எங்கள் பக்கத்தில் சாவு நடந்த பதினாறாம் நாள் அடியந்திரம் என்ற சடங்கு நடக்கும். இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் அதுவரை துட்டி வீட்டில் யாரும் கொடுக்கல் வாங்கல் பேசுவதில்லை. "அப்பன் செத்த வீட்டுல அடியந்திரம் கழியுமுன்ன போய் கடைக்காரியம் பேசுகதுக்கு நான் என்ன மிருகமா?" என்றார். அருகில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்த மாஸ்டர், அதுதான் முறை அண்ணே என்று தலையாட்டினார்.

மாஸ்டர் எங்கள் ஊர்க்காரர். வேலையில்லாமல் அலைந்தவரைப் பெரியப்பாதான் விசா கொடுத்துக் கூட்டிவந்து பரோட்டா போட வைத்திருந்தார். அடியந்திரம் என்றால் என்னவென்று பெரியப்பாவுக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் நான்காம் நாளே போனார். அரபி தெரிந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய், கடையை நடத்துகிறவன் நான்தான், உங்கள் அப்பாவுக்குக் கிடைத்ததைவிட அதிகம் தருகிறேன் என்று மூத்த மகனிடம் பேசி முடித்துவிட்டு வந்து, மறுநாளும் எங்கள் முன்னாலேயே மாவு பிசைந்தார்.

பதினாறு நாளும் கழிந்த பிறகு பெரியப்பா ஒரு கூடை பழத்தோடு போனார். நானும் கூட இருந்தேன். மகன் மரியாதையாகத்தான் பேசினான். துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பெரியப்பாவின் முகம் அவனுக்கு நினைவில்லை. இத்தனை நாளாக வரவில்லையே, கடையில் அக்கறை இல்லாத ஆள் என்று நினைத்து, வந்து கேட்ட மாஸ்டருக்கே கொடுத்துவிட்டேன் என்றான். அவன்மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. அவனுடைய ஊர் வழக்கப்படி அவன் நடந்துகொண்டான். வெளியே வந்த பெரியப்பா வெயிலில் காரின் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கடை போனால் விசாவும் போய்விடும். ஊரில் மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாஸ்டர் அன்று மாலை பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க எங்கயும் போகாண்டாம். டீ அடுப்பப் பாத்துக்கிட்டு இங்கயே இருங்க" என்றார். அந்தக் கையைத் தட்டிவிடுவார் என்று நினைத்தேன். பெரியப்பா தலைகுனிந்து சரி என்றார். தான் உண்டாக்கிய கடையில், தான் விசா கொடுத்தவனிடம் சம்பளம் வாங்கி, வருடக்கணக்கில் டீ ஆற்றினார். ஊரில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சொன்னது மட்டும்தான், அதைப் பற்றி அவர் பேசிய ஒரே பேச்சு. பார்க்கச் சகிக்காமல் நான் திரும்பிவந்து நாகர்கோவிலில் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டேன். அவர் விடுமுறைக்கு வரும்போது முதலாளியாகத்தான் வருவார். சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை யாரும் நெருங்க முடியாத விலைக்குக் கேட்டு எடுத்துவிட்டு, சபையார் கைதட்ட நிற்பார். அந்தக் காசுக்கு அவர் எத்தனை டீ ஆற்றியிருப்பார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு ஊருக்கு வந்து இறந்துபோனார். மாஸ்டர் விமானம் ஏறி வந்தார். தெருமுனையில் அவர் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் பெரியப்பாவின் படத்துக்குக் கீழே கடையின் பெயரும் உரிமையாளர் என்ற சொல்லும் பெரிய எழுத்தில் இருந்தன. பேனரைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது. பெரியம்மா அதைப் பார்த்துத்தான் கொஞ்சம் ஆறுதலடைந்தார்.

சில வாரங்கள் கழித்துப் பெரியம்மா என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. கடைசியில், "கடைய இனி நீ போய் பாத்துக்கிடுவியா மக்கா? மாஸ்டர் பாவம், ஒத்தைக்குக் கெடந்து கஷ்டப்படுவான்" என்றார்.

"அவரே பாத்துக்கிடுவாரு பெரியம்மா" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.