ஐஸ் பெட்டியில் வந்த டேப்

டார்வின் நகரத்துத் தண்ணீர்ப் பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பதிவுகள் இருக்கும் டேப் அறையைப் பார்த்துக்கொள்ளும் செவாஸ்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டேப்பைப் படுக்கவைத்து அடுக்கினால் திட்டு. உறை போடாமல் விட்டால் திட்டு. டேப் ஓட்டும் மெஷின்மேல் காப்பியை வைத்த எஞ்சினியரை, காப்பியோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள். கிரேக்கத் தீவிலிருந்து வந்த குடும்பம்; அவள் அப்பா வீட்டுக்குள் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். மகள் மட்டும் மெதுவாகவா பேசுவாள்?

அந்த வருடம் அவள் கோபத்தில் நியாயமும் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகும்போது, மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மேலாளர் ராஸ் டேப் அறையின் ஏசியையும் அணைத்துவிட்டான். சுவரே வியர்க்கிற மழைக்காலம். திரும்பி வந்து பார்த்தால் பாதி அலமாரி பூஞ்சணம். சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரின் கிணற்றுத் தண்ணீர் அளவுகளும் அதில் போயின. சுரங்கம் எங்கள் தண்ணீரைக் கெடுத்துவிட்டது என்று அந்த ஊரின் பழங்குடி மக்கள் போட்ட வழக்கு சில வாரங்களில் விசாரணைக்கு வர இருந்தது. இனி கேதரின் ஊர்க் கிடங்கில் இருக்கும் ஒரே ஒரு நகல்தான் கதி.

அதை எடுத்துவரப் போன டிரைவர் கிளெம், விசாரணைக்கு முந்தின நாள் மதியம் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அந்தப் பக்கத்து வெக்கையில் ஐஸ் பெட்டி இல்லாமல் வண்டி எடுக்கிறவன் எவன்? பீர் பாட்டில்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் பையில், டேப் சில்லிட்டுக் கிடந்தது.

"சூடு பட்டா கெட்டுடும்னு நீதானே சொன்ன? என் மீனைக்கூட வெளிய எடுத்துட்டு இதை வெச்சேன்."

"சூட்டுல வைக்காதேன்னா ஐஸ்ல வைன்னு அர்த்தமா? மண்டைல களிமண்ணா இருக்கு? குளுந்த டேப்பை இந்த ஈரக் காத்துல திறந்தா உள்ள தண்ணி கோத்துக்கும். சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

பையைப் பிரிக்காமல் அறைக்குள் வைத்தாள். குளிர் முழுக்க விட்டுப்போக மறுநாள் காலை ஆகும், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றாள். ராஸ் வந்தான்.

"சாயங்காலத்துக்குள்ள ஊர்க்காரங்க வக்கீலுக்குத் தண்ணிக் கணக்கு போகணும். ஓட்டு."

"நாளைக்குத்தான்."

"ஏன், உன் டேப்புக்கு ஜலதோஷமா?"

"ஏசியை அணைச்ச ஆள் பேசற பேச்சா இது?"

"சரி, உனக்குப் பயம்னு வக்கீல்கிட்ட சொல்லிடறேன். அந்த ஜனங்க தோத்தா அது உன்னாலதான்."

பயமா? எனக்கா? செவாஸ்திக்குக் கண்மண் தெரியவில்லை. வழக்குப் போட்டவர்களில் மூத்தவளான டல்சி ஆன்ட்டி காலையில் பஸ்ஸில் வந்து, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கெட்ட தண்ணீரைக் குடித்துச் சிறுநீரகம் போய் இரண்டு தங்கைகளையும் பறிகொடுத்தவள். இவளுக்காகவாவது ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று செவாஸ்தி பையைக் கிழித்து, டேப்பை மெஷினில் தள்ளினாள்.

கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு கிறீச்சிட்டு நின்றது. வெளியே இழுத்தபோது நாடா நசுங்கி, பூச்சு உரிந்து வந்தது.

"இன்னொரு மெஷின்ல போட்டுப் பாரு" என்றான் ராஸ்.

"அதையும் நாசமாக்கவா? வெளிய போ."

அவன் போய்விட்டான். டல்சி ஆன்ட்டி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு ஆன்ட்டி. உங்களுக்காகத்தான் அவசரப்பட்டேன்."

"எனக்காகவா?" டல்சி ஆன்ட்டியின் குரல் உயரவே இல்லை. "தண்ணி கசக்குதுன்னு நாங்க கத்தினப்போ ஒருத்தருக்கும் அவசரம் வரல. இன்னிக்கு மட்டும் எங்கேர்ந்து வந்தது? காலைலேர்ந்து இந்த நாற்காலில தானே மகளே உட்கார்ந்திருக்கேன். வாய்தா வாங்கி ஒரு நாள் பொறுப்பீங்களான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"