வாசலுக்கு மேலால போன குழாய்

அந்த நாளில எனக்குக் கிளிநொச்சியில அரசாங்க உத்தியோகம். உத்தியோகம் எண்டவுடன பெரிசா ஒண்டும் நினைக்கக்கூடாது. குவாட்டர்ஸ் வீடுகளுக்குச் சைக்கிளில போய், தண்ணிக் குழாயில என்ன பிழை எண்டு பாக்கிறது. பிழை பிடிக்கிறது மட்டும்தான் நான், திருத்திறது வேற ஆக்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில இல்லை எண்டு என்ர மனிசி சொல்லுவா.

பிழையள் அநேகமா ஒரே சாதிதான். குழாய் பூட்டின இடத்தில சணல் காணாது, ஒழுகும். திறந்து பூட்டுற பைப்புக்குள்ள இருக்கிற ரப்பர் வாசர் தேஞ்சுபோயிருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். தாங்கிக்கு மூடி இராது, உள்ளுக்குத் தவளை இருக்கும். குழாய் எங்கயாவது தாங்கியை விட மேல ஏறிக் கீழ இறங்கினா, அந்த மேட்டில காத்து நிண்டு தண்ணியை மறிக்கும். ஒருக்கா ஒரு பெரியவர் வீட்டில கனநாளாத் தண்ணி வரேல்லை எண்டு போனனான். வெளியில வால்வு பூட்டிக் கிடந்தது. திறந்து விட்டன். வீட்டு அம்மா தேத்தண்ணி தந்து, "கெட்டிக்காரப் பிள்ளை" எண்டும் சொன்னா. அந்தக் கிழமை முழுக்க நான் கொஞ்சம் நிமிந்துதான் சைக்கிள் ஓடினனான்.

என்ர வீட்டில குழாய் இல்லை. பரந்தனிலயிருந்து கண்டாவளைக்குப் போற பக்கம் எங்கட காணி. கிணறு இருந்தது, வாளி இருந்தது, கயிறு இழுக்க மனிசி இருந்தா. அதால எனக்கு ஒரு குறையும் தெரியேல்லை.

பேந்து மனிசிக்கு யாழ்ப்பாணத்தில வயித்தில ஒப்பரேசன் செய்தாங்கள். ஆள் தப்பிட்டா. ஆனா டொக்டர் சொல்லிப்போட்டார்: இனி வாளி தூக்கக்கூடாது, கயிறு இழுக்கக்கூடாது, இழுத்தா தையல் விட்டுப் பேந்தும் கத்திதான் எண்டு. ஆஸ்பத்திரியிலயிருந்து அவவைத் தாய் தன்ர வீட்டை கூட்டிக்கொண்டு போயிட்டா. நான் கூப்பிடப் போனன்.

மாமி வாசலிலயே நிண்டா. "தம்பி, அங்க தண்ணி ஆர் அள்ளுறது?"

"நான் அள்ளுவன் மாமி."

"ஓம், அள்ளுவியள். முதல் நாள் அள்ளுவியள். ரெண்டாம் நாளும் அள்ளுவியள். மூண்டாம் நாள் நித்திரையாப் போவியள், இவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஊரெல்லாம் பைப் பாக்கிறனெண்டு திரியிறியள். குசினிக்குள்ள ஒரு பைப்பைப் போட்டிட்டு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

மனிசி உள்ளுக்குள்ள நிண்டு என்னை எட்டிப் பாத்தா. என்னோட வரவேணும் எண்டுதான் அவவுக்கும். முகத்தில தெரிஞ்சது.

நான் வந்து வேலையைத் துவங்கினன். கிணறு வீட்டுக்கு வடகிழக்கு மூலையில. அதுக்குப் பக்கத்திலயே தாங்கியைக் கட்டினா வாளியை இழுத்த கையோட அப்பிடியே ஊத்தலாம். ஆனா ஈசான மூலையில உயரமா ஒண்டும் எழும்பக்கூடாது எண்டு வீடு கட்டேக்கயே மாமி சொன்னவா. அதால தாங்கியைப் பதிவா, என்ர நெஞ்சளவுக்குக் கட்டினன். எனக்கும் பதிவா இருந்தா ஊத்த சுகம். மாமியின்ர சாத்திரமும் என்ர சோம்பலும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

குசினி தென்கிழக்கில. வீடு கிழக்குப் பாத்த வீடு. அப்ப குழாய் முன்வாசலைத் தாண்டித்தான் போகவேணும். வாசல்படிக்குக் கீழால புதைக்கலாம் எண்டா, நிலை வைக்கேக்க மாமி தன்ர கையால பொன்னும் முத்தும் பவளமும் மஞ்சள் துணியில முடிஞ்சு அதுக்குக் கீழதான் வைச்சவா. அந்த இடத்தில மண்வெட்டி படக்கூடாது. நான் குழாயை நிலைக்கு மேலால ஏத்தி, அங்காலப் பக்கம் இறக்கினன். இரும்பில தோரணம் கட்டின மாதிரி வடிவா வந்தது. குசினிக்குள்ள முழங்கால் உயரத்தில ஒரு பித்தளைப் பைப்.

முன்வீட்டு அண்ணை படலையில நிண்டு பாத்தார். "என்னடாப்பா, வாசலில இரும்புத் தோரணம்? கலியாணமோ?"

"தண்ணிக் குழாயண்ணை."

"தண்ணி உவ்வளவு உயரத்துக்கு ஏறுமோ?"

"அதெல்லாம் ஏறும். என்ர உத்தியோகமே இதுதானே."

தாங்கியை நிரப்பினன். குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்தன். கொஞ்சம் காத்து வந்தது. பேந்து அதுவும் வரேல்லை.

இதே பிழையை ஊரார் வீட்டில கண்டிருந்தா படலையில நிண்டே சொல்லியிருப்பன். என்ர வீடு எண்டபடியா முதலில வாசரைக் கழட்டிப் பாத்தன். பூட்டின இடமெல்லாம் புதுச் சணல் சுத்தினன். குழாயில காது வைச்சுக் கேட்டன், குழாய் திருகிற சாவியால தட்டிப் பாத்தன். தாங்கிக்குள்ள தவளை இருக்கோ எண்டும் பாத்தன். இருந்தது. பிழை அதில்லை. எல்லாம் முடிஞ்சு முத்தத்தில குந்தியிருந்து நிமிந்து பாத்தன். தாங்கி என்ர நெஞ்சளவு. குழாய் வாசலுக்கு மேல.

இடிச்சுக் கட்ட மனமில்லை. பைப்பில வாயை வைச்சு உறிஞ்சினன். மூச்சு முட்ட உறிஞ்ச, அங்கால ஏறின தண்ணி இஞ்சால இறங்கிச்சுது பாருங்கோ, வாய்க்கால் மாதிரி வந்தது! பைப்பைப் பூட்டி வைச்சிட்டு விடியத் திறந்தன். எங்கயோ காத்துப் புகுந்திட்டுது, திரும்பவும் ஒண்டுமில்லை. திரும்பவும் உறிஞ்சினன், வந்தது. அப்ப என்ர கணக்கு என்னெண்டா, மாமி வந்து பாக்கிற அண்டைக்கு மட்டும் அவா வரமுந்தி ஒருக்கா உறிஞ்சி விட்டாச் சரி. மனிசி வந்த பிறகு நாளுக்கொருக்கா நான் உறிஞ்சுவன். மனிசிக்கு ஏன் சொல்லுவான்?

பைப் ஓடுது எண்டு ஆளிட்டச் சொல்லி அனுப்பினன். மாமி பஸ்ஸில வந்து பரந்தன் சந்தியில இறங்குவா, அங்கயிருந்து நடந்து வர வெயில் ஏறிடும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அண்டைக்கெண்டு கண்டாவளைக்குப் போன லொறி ஒண்டு அவவை ஏத்திக்கொண்டு வந்து படலையில விட்டிட்டுப் போயிட்டுது. எனக்குத் தெரியாது. நான் குசினிக்குள்ள நாலு காலில நிண்டு, பைப்பை வாய்க்குள்ள வைச்சிருக்கிறன், பின்னால குரல் கேக்குது.

"தம்பி, தாகமோ?"

வாய் நிறையத் தண்ணி.

"செம்பு கிணத்தடியில கிடக்குது. கண்டனான்."

நான் தண்ணியைத் துப்பிப்போட்டு, "சோதிச்சுப் பாக்கிறனான் மாமி" எண்டன்.

"உங்கட வேலை இப்பிடித்தானோ? குவாட்டர்ஸ் வீடுகளிலயும் வாய் வைச்சுத்தானோ பாக்கிறனியள்?"

மறைச்சுப் பிரயோசனமில்லை. முழுக்கச் சொன்னன். மாமி முத்தத்துக்குப் போய்த் தாங்கியைப் பாத்தா, வாசலைப் பாத்தா, என்னைப் பாத்தா. கடைசியாப் பாத்ததுதான் கனநேரம்.

"அப்ப இதை உசத்திக் கட்டினாத் தண்ணி தன்பாட்டில வருமோ?"

"வரும். ஆனா ஈசானத்தில உசத்தக்கூடாதெண்டு நீங்கள்தான்…"

"ஈசானத்தில கூடாது. ஆர் உங்களை ஈசானத்தில கட்டச் சொன்னது? கன்னிமூலை எண்டு ஒண்டு இருக்குதல்லே. அங்க எவ்வளவு உயரமும் எழும்பலாம். எழும்பத்தான் வேணும். தென்சுவரில வாசலும் இல்லை."

கன்னிமூலை எண்டா தென்மேற்கு. எங்கட காணியில கிணத்துக்கு அதைவிடத் தூரமான மூலை கிடையாது. ஆனா அவா சொன்னது சரி. தென்சுவரோட குழாய் நேர குசினிக்குப் போகும், எங்கயும் ஏறத் தேவையில்லை. பனங்குத்தி நட்டுப் பரண் கட்டி, முல்லைத்தீவு யாவாரி ஒருத்தரிட்ட வாங்கின பீப்பாவைக் கழுவி அதுக்கு மேல ஏத்தினன். ஏணி சாத்தினன். அந்தக் கிழமை முடிய மாமி திரும்ப வந்தா. இந்தமுறை நான் எழும்பி நிண்டு வரவேற்றன்.

மாமி பைப்பைத் திறந்தா. தண்ணி பாஞ்சு அவவின்ர சீலையெல்லாம் நனைஞ்சுது. பூட்டினா, திறந்தா, பேந்தும் பூட்டினா. சொட்டேல்லை. பிறகு வெளியில போய் ஏணியை ஆட்டிப் பாத்தா.

"பீப்பாவுக்குத் தண்ணி எப்பிடிப் போறது?"

"கிணத்தில அள்ளி, கொண்டு வந்து, ஏணியில ஏறி ஊத்துறது மாமி."

"ஆர்?"

"நான்."

"குழாயில ஒரு பிழையும் இல்லை" எண்டா மாமி. "மிச்சத்தைப் பாக்க இனி ஆர் வரவேணுமோ தெரியேல்லை." ஏணியை விட்டிட்டு, "அவளும் அங்க வீட்டை போகவேணும், வீட்டை போகவேணுமெண்டு என்ர தலையைத் தின்னுறாள். வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டா.

மனிசி வந்தா. வந்தவுடன குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நிண்டா. "வடிவா வருது" எண்டா. அரசாங்கத்தில அப்பிடி ஒரு சொல்லு எனக்குக் கிடைச்சதில்லை.

முதல் நாள் விடிய எழும்பிப் பீப்பாவை நிரப்பினன். ரெண்டாம் நாளும் நிரப்பினன், உடம்பெல்லாம் உளைவு. மூண்டாம் நாள், மாமி வாசலில நிண்டு சொன்ன மாதிரியே, நித்திரையாப் போயிட்டன்.

என்னை எழுப்பினது ஒரு சத்தம். வெறும் பீப்பாவிலயிருந்து பைப்புக்குள்ளால காத்து வாற சத்தம். ஊரெல்லாம் கேட்டுப் பழகின காது, பிழைவிடாது. அதுக்குப் பின்னால வாளிக் கைபிடி கிணுங்கின சத்தமும் கேட்டுது. சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு ஓடினன். மனிசி வாளியோட கிணத்தடிக்குப் போற பாதையில நிக்கிறா.

"வையுமப்பா! வையும் கீழ!"

"ஏன் கத்துறியள்? வெறும் வாளிதானே. உங்களிட்டத் தரத்தான் கொண்டு வந்தனான்."

எனக்குத் தரவெண்டா வீட்டுப் பக்கமெல்லே வரவேணும். நான் கேக்கேல்லை. வாளியை வாங்கி, அள்ளி, கன்னிமூலைக்குக் கொண்டுபோய் ஏணியில ஏறினன். அவா கீழ நிண்டு ஏணியைப் பிடிச்சுக்கொண்டா. ஏணி பிடிக்கக்கூடாதெண்டு டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை.