பென்சிலைப் பூட்டி வைக்கும் டீச்சர்

சுகிர்தாவின் துப்பட்டா ஓரத்தில் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. எதிரே நிற்கும் பையன் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் அவற்றைக் கழற்ற வேண்டும். வேறு விரல் ஒத்தாசைக்கு வந்தால் ஆட்டம் அவுட். "ஏலே, அந்த விரல யாருலே கூப்பிட்டா?" என்பாள். பையன் சிரித்துக்கொண்டே விரலை மடக்கிக்கொள்வான். சாயங்காலம் சிவகாசி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் முதுகுப்பக்கம் ஒன்றிரண்டு கிளிப்பு மிச்சமிருப்பது அவளுக்குத் தெரியும். கண்டக்டருக்கு அது பழகிவிட்டது.

திருத்தங்கலில் ஒரு மருந்துக்கடை மாடியில், கையெழுத்து வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் தொழில். வாசல் பலகையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று இருக்கிறது. ஊர் வாயில் அது நுழையவில்லை. ஊர் அவளை 'எழுத்து டீச்சர்' ஆக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், எழுத்து டீச்சரின் அறையில் பென்சில் கண்ணில் படாது. முதல் மாதம் முழுக்க அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிடுவாள். பிள்ளைகள் நின்றுபோன மினிபஸ்ஸைத் தள்ளுவது மாதிரி சுவரில் கை ஊன்றித் தள்ளுவார்கள். பரோட்டா மாவு பிசைவார்கள். பயறுக்குள் புதைத்த பாசிமணியைத் துழாவி எடுப்பார்கள். "தோளும் முழங்கையும் நெலைக்கு வந்தாத்தான் விரலு சொன்ன பேச்சு கேக்கும்" என்பது அவள் கட்சி.

அச்சகம் நடத்தும் அப்பா மணிகண்டராஜுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. "அம்புட்டு வருசம் காலேசுல படிச்சுட்டு மாவு பிசையுதா" என்று வருகிறவர்களிடம் சொல்வார். குறையா பெருமையா என்று பிரிக்க முடியாது. கல்யாணப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்காரவும் அவருக்குக் கூச்சம். எதிர் வரிசையில் யார் எந்த விரலால் அப்பளத்தை நொறுக்குகிறார்கள் என்று, தன் இலையை மறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்பேர்ப்பட்ட விரல் பைத்தியத்துக்கும் ஒரு நாள் கண் தப்பிவிட்டது.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து வள்ளித்தாய் தன் மகள் சினேகாவை அழைத்து வருவாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. கேட்ட கேள்விக்கெல்லாம் வாயால் டாண் டாணென்று பதில் வரும். எழுதச் சொன்னால் இரண்டு வரிக்குள் கை வலித்து அழுதுவிடும். பரீட்சைத் தாள் பாதி வெறுமையாகவே போகும். வள்ளித்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி சீசனிலும் வாரம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறாள் என்றால் காரணம் ஒன்றுதான். மகள் ஒருநாளும் விடியற்காலை ஆள் ஏற்ற வரும் அந்தக் கம்பெனி வேனில் ஏறிவிடக் கூடாது.

அன்று சுகிர்தா பழைய பேப்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, குச்சியில் சுற்றிக் குழாய் செய்யும்படி சினேகாவிடம் கொடுத்தாள். சென்னையில் படிக்கும்போது கற்ற பயிற்சி; விரல்நுனிக்கு அருமையான வேலை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய வள்ளித்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு நேரே வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள்.

"இதத்தான டீச்சர் நான் விடிஞ்சு பொழுதடைய அங்கன செய்யுதேன்? வெடிக்குக் குழா சுத்துறதுக்கு எம்மகளுக்கு நீங்க படிச்சுக் குடுக்கீகளாக்கும். இனி நாங்க வரல."

குரல் உயரவில்லை. அதுதான் சுகிர்தாவை அடித்துப்போட்டது. பட்டாசு ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்று. அவள் வீட்டில் காகிதம் என்றால் லேபிள், காலண்டர், அவ்வளவுதான். "தப்பு எம்மேலதான்க்கா, யோசிக்காமப் பண்ணிட்டேன்" என்று கீற்றுகளை அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள். வள்ளித்தாய் பிடியை விடவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். இப்போது இறங்கினால் இவள் திரும்ப ஏறப்போவதில்லை, பிள்ளையின் படிப்பும் அந்தப் பாதித் தாளோடு நின்றுவிடும் என்பது சுகிர்தாவுக்குத் தெரிந்துவிட்டது.

சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகைப் பிள்ளைக்குக் காட்டினாள். சடையின் ரப்பர் பேண்டை இழுத்த வேகத்தில் அது அறுந்து எங்கோ தெறித்தது.

"சினேகா, எனக்குச் சடை பின்னி விடு தாயி. இதுவும் விரலுக்கு வேலதான்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பிறகு மறு கையால் ஒரு கொத்து முடியைப் பிடித்தது. ஒரு கையால் எங்கே சடை பின்ன? அந்தக் கொத்தோடு அது தவிப்பதை வள்ளித்தாய் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டை விட்டாள்.

சினேகா பின்னத் தொடங்கினாள். முடி இழுபட்டுச் சுகிர்தாவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இன்னும் இறுக்கு" என்றாள். "மூணாப் பிரிடி. அந்தா, நடுவுல உள்ளத விட்டுட்டயே" என்று தலைக்கு மேலிருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது.

கோணலும் மாணலுமாகப் பின்னல் ஒருவழியாக முடிந்தது. நுனியை இரண்டு விரலால் கவ்விப் பிடித்தபடி, கட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் சினேகா விழித்தாள். வள்ளித்தாய் பின்னால் கையைக் கொண்டுபோய், தன் கொண்டையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி மகளிடம் நீட்டினாள்.