காலை ஒன்பது கதிர்

போன சனிக்கிழமை என் அத்தான் — அக்கா கணவர் — சிங்கப்பூரின் கிழக்குக் கோடி பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்திருந்தார். கையில் சின்ன மகளின் கல்யாணப் பத்திரிகை. லிட்டில் இந்தியாவில் அச்சடித்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை!

"டிசைன் மட்டும்தான் அவங்க. டைப்பிங் முழுக்க நானே பண்ணேன்லா!"

பிரித்தேன். முகூர்த்தம்: காலை 9 கதிர் முதல் 10.30 கதிர்க்குள்.

மாப்பிள்ளை பெயர் கதிர். அது சரி... அதென்ன காலை ஒன்பது கதிர்?

"அத்தான், இதை எப்படி டைப் பண்ணீங்க?"

மூத்த மகள் கவிதாவின் பழைய பத்திரிகை அவர் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. அதையே திறந்து, மணமகள் பெயர், புதுச் சம்பந்தி பெயர், தேதி எல்லாவற்றையும் மாற்றி, அடியில் அழைப்பவர்களாக மூத்த மகளையும் மருமகனையும் சேர்த்துவிட்டார். பாக்கி இருந்தது, மாப்பிள்ளை இடத்தில் நின்ற மூத்த மருமகன் பெயர் மட்டும். அங்கங்கே கிடப்பதை ஒவ்வொன்றாக யார் தேடுவது? 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போய், 'ரீப்ளேஸ் ஆல்' என்று ஒரே தட்டு.

மூத்த மருமகன் பெயர் என்ன தெரியுமா? மணி!

வேர்ட் ப்ராசஸருக்கு மணி என்பது மருமகனா கடிகாரமா என்றெல்லாம் கவலை இல்லை. அதற்கு அது இரண்டு எழுத்து. எங்கே கண்ணில் பட்டாலும் தூக்கிவிட்டுக் கதிரைப் போட்டுவிடும். 'முழுச்சொல் மட்டும்' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. டிக் செய்திருந்தால் சில இடங்கள் தப்பியிருக்கும். அத்தானா டிக் செய்வார்?

பத்திரிகையின் கீழே பார்த்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும் கதிர் – கவிதா.' அதாவது, சின்னவளைக் கட்டப்போகிறவரே மூத்தவளுக்கும் கணவர்!

"ஐயோ... அக்கா இதைப் பார்த்தாளா?"

"பார்த்தா. கலர் நல்லா இருக்குன்னு சொன்னா."

நான் சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு வரி கண்ணில் பட்டது. மாப்பிள்ளையின் அப்பா பெயர் சுப்பிரமணியம். பத்திரிகையிலோ — சுப்பிரகதிர்யம்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று மைக் பிடித்தவர் அவரை 'சுப்பையா' என்று அழைத்துவிட்டார். அவ்வளவுதான், மனிதர் காப்பியைக்கூடத் தொடவில்லை. அவரைச் சமாதானப்படுத்த அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். "சம்பந்தி வீட்டுக்கு இன்னும் கொடுக்கலைதானே அத்தான்?"

"காலையிலேயே சிராங்கூன் போய் ஒரு கட்டு கொடுத்துட்டுத்தான் வர்றேன்..." போனை எடுத்தார். வைத்தார். "கல்யாணமே நின்னுடுமாம்மா?"

கல்யாணப் பெண்ணுக்குப் புடவைகூட எடுத்தாயிற்று.

அதற்குள் போன் அடித்தது. சம்பந்தியேதான்! அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சம்பந்தி, கார்டுல என் பேரைப் பார்த்தீங்களா?"

"மன்னிச்சிடுங்க சம்பந்தி... கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு..."

பாவம் கம்ப்யூட்டர், அதற்கு வாய் இல்லை.

"இருங்க, இருங்க. முதல்ல எனக்கும் கோபம்தான். அப்புறம் கதிர்தான் காட்டினான். எப்பவும் அப்பா பேரு பிள்ளைக்கு முன்னால இனிஷியலா நிக்கும். இதுல பிள்ளை முழுசா அப்பா பேருக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கான்! வீடே சிரிக்குதுலா!"

அத்தான் அப்படியே சோபாவில் சரிந்தார்.

'ரீப்ளேஸ் ஆல்' பக்கத்திலேயே 'ஃபைண்ட் நெக்ஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஒவ்வொரு இடமாகக் காட்டி, நம் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்கும். நமக்குத்தான் பொறுமை இல்லை. புது மருமகன் வந்தால் பழைய மருமகனை ஒரே தட்டில் காலி செய்துவிடுகிறோம்... "என்னை டெலீட் பண்ணிட்டீங்களே மாமா!" என்று மணி இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாராம்.

பத்திரிகையை மறுபடி அச்சடித்தோம். இந்த முறை நான் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் அச்சகத்துக்கே போனது. சம்பந்தி வீட்டுக்கு நானும் கூடவே போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். சுப்பிரமணியம்.

"சரியாத்தான் இருக்கு," என்றார். குரலில் சுரத்தே இல்லை. "ஆனா என் பேருக்குள்ள இப்ப என் பையனைக் காணோமே!"