காதர் நானா லேஞ்சி போட்ட கதிரைகள்

உட்காருங்கள். இல்லை, அந்தக் கதிரையில் வேண்டாம், மூலையில் இருக்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நான் நின்றுகொண்டே பேசுகிறேன் என்று குறை நினைக்க வேண்டாம், இப்போது எனக்கு இதுதான் பழக்கம். உங்கள் தியேட்டரிலும் இந்த டிக்கட் மென்பொருளைப் போடப்போகிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்துவிட்டு வா என்று உங்களை அனுப்பியிருக்கிறார்கள், சரிதானே? சொல்லித் தருகிறேன். ஆனால் அதைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என்னிடம் வேறு யாராவது இப்படி ஒரு கதை சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பேய், பிசாசு, ஆவி என்று எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. மாத்தளை அம்மன் கோயில் தேருக்குப் போவேன், வடத்தைத் தொட்டுக் கும்பிடுவேன், அத்தோடு சரி. உள்ளே பேய்ப்படம் ஓடி மீசை வைத்த ஆம்பிளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம், இந்த டிக்கட் கூண்டுக்குள் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் ருசித்துத் தின்றவள் நான். இத்தனை வருஷம் தியேட்டரில் இருந்தால் எது படத்துச் சத்தம், எது கட்டடத்துச் சத்தம் என்று காது தானாகப் பிரித்துவிடும். அப்படிப்பட்டவளைப் பயமுறுத்துவது லேசில்லை.

கம்ப்யூட்டர் மட்டும் பயமுறுத்தியது, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கண்ணாடிக்கு அடியில் ஒரு மட்டையில் கதிரைகளின் படம் இருக்கும், விற்க விற்க மெழுகுப் பென்சிலால் மேலே கோடு போடுவேன், காட்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அவ்வளவுதான் தொழில். தீபாவளிப் படத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, படிக்க முடியாதவர்கள் கன்டீனில் வடை சுடப் போகலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் செய்வார்.

சொல்லிக்கொடுக்கக் கண்டியிலிருந்து ஒரு மிஸ் வந்தார், ஜெனனி என்று பேர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. முதல் வேலையாக என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், இருக்கிற கதிரைகளை எல்லாம் வரிசை வரிசையாகப் பார்த்து அதே மாதிரி கம்ப்யூட்டரில் கட்டம் போட வைத்தார். பச்சை என்றால் காலி, ஒருமுறை தட்டினால் மஞ்சள், காசு வாங்கி முடித்தால் சிவப்பு. சிவப்பை யாருக்கும் விற்க முடியாது. கேட்கிறபோது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே சனம் நிற்கிறபோது தெரியும். ஒத்திகை பார்த்த அன்றைக்கு ஒரு வரிசை முழுவதையும் ஒரே ஆளுக்கு விற்றுவிட்டேன். மிஸ் கோபிக்கவே இல்லை. "பயப்பிடாதேங்கோ அக்கா, பிழை விட்டாத் திருத்தலாம். காசு வாங்க முந்தி ஒருக்காப் பாருங்கோ, அவ்வளவுதான்" என்றார். இன்றுவரை அந்த வார்த்தையை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது, நீங்களும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி காதர் நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தியேட்டரில் டோர்ச் அடித்து ஆட்களை உட்கார வைப்பவர் அவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய வருஷம் நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி, அவர் நானாதான். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கைப்பிள்ளையோடு ஒரு பொம்பிளையோ, கால் ஏலாத ஒருவரோ வாசலில் நிற்பதைப் பார்த்தால் முன்னாலேயே உள்ளே போய், நல்ல இடமாகப் பார்த்துத் தன் லேஞ்சியைக் கதிரையில் போட்டுவிட்டு வருவார். சிவப்புக் கட்டம் போட்ட கைக்குட்டைதான், நாலாக மடித்திருக்கும். பல்வலிக்காரர், எந்நேரமும் கராம்பு எண்ணெய் வைத்துக்கொள்வார், லேஞ்சியிலும் அதே வாசம்தான் அடிக்கும். நம் ஊரில் பஸ் சீட்டில் லேஞ்சி போட்டுவிட்டால் மந்திரி வந்தாலும் உட்கார மாட்டாரே, தியேட்டரிலும் அதே சட்டம். நானாவின் லேஞ்சியை யாரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

தீபாவளிக்கு என் தங்கச்சி சுமதி பல்லேபொலயிலிருந்து படம் பார்க்க வருவதாக இருந்தாள். அவள் புருஷன் கட்டாரில். அவர் போனதிலிருந்து அவள் வீட்டையும் மிளகுக் கொடியையும் பிள்ளைகளின் ஸ்கூலையும் தவிர எதையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் இரண்டு, மூத்தவள் ஒன்று, அவளுக்குக் கீழே பொடியன் ஒன்று. எனக்குப் பிள்ளையில்லை. அந்த இரண்டும்தான் எனக்கு எல்லாம், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல்கனி முன்வரிசையில் நட்டநடு மூன்று கதிரைகளில் மூன்று பேரையும் ராஜா மாதிரி உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருக்கிறவர்கள் தங்கள் ஆட்களுக்கு முதலில் எடுத்து வைப்பது எல்லாத் தியேட்டரிலும் நடப்பதுதான், உங்கள் தியேட்டரிலும் நடக்கும், மறைக்க வேண்டாம்.

அன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வாசல் கதவுகூடத் திறக்கவில்லை, ஒரு டிக்கட் விற்கவில்லை. மண்டபம் முழுக்கப் பச்சை. பல்கனி முன்வரிசை நடுவில் மட்டும் மூன்று சிவப்பு.

மிஸ்ஸைக் கூப்பிட்டேன். அன்றைக்கு முதல் விற்பனை என்பதால் அவரும் பக்கத்தில் தன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அவருடையதில் அந்த மூன்றும் பச்சை. என்னுடையதில் சிவப்பு. நான் ஏதோ தட்டிவிட்டேன் என்று நினைத்து அவரே வந்து விடுவித்தார், பச்சையானது. அப்பாடா என்று தங்கச்சிக்கு எடுக்கப் போனால், மஞ்சள்கூட ஆகாமல் மறுபடி சிவப்பு. கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டோம். அதே மூன்று, அதே சிவப்பு. "நான் அமத்தவே இல்ல மிஸ், அம்மன் சத்தியமா" என்றேன். அவரும் குழம்பிப்போய், லைன் பிரச்சினையாக இருக்கும், இன்றைக்கு அந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றதை விற்போம், பின்னேரம் பார்ப்போம் என்றார். வெளியே சனம் கேட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு மறைத்து வைத்திருக்கிறாய் என்கிற மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எப்படியும் சரியாகிவிடும் என்று அந்த மூன்றுக்காகவே காத்திருந்ததில் மற்ற நல்ல இடமெல்லாம் விற்றுப்போய், தங்கச்சிக்குப் பல்கனியிலேயே பின்னால், கதவோரமாக மூன்று கதிரைகள்தான் கிடைத்தன.

சுமதி பின்னேரக் காட்சிக்கு வந்தாள். புதுச்சேலை, பிள்ளைகளுக்கும் புதுசு, மழையில் பாதி நனைந்திருந்தார்கள். அந்த மாதம் மத்தியானமானால் இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், அன்றைக்கும் அப்படித்தான். டிக்கட்டைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. "தூண் மறைக்கிற எடத்துல உக்காரவா அக்கா அங்க இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்றாள். கம்ப்யூட்டர் தரமாட்டேன் என்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மூத்தவள் கீழே ஓடிவந்தாள். "பெரியம்மா, முன்னுக்கு மூணு கதிர சும்மாதான் கெடக்கு, அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றாள். எனக்கு வீம்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டினால் என்ன, கதிரை காலியாகத்தானே இருக்கிறது, என் பிள்ளைகளை உட்கார வைத்தால் யார் தடுப்பார்கள்? கவுண்டரைப் பூட்டிவிட்டு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு அவளையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். சுமதியிடம் பையை எடு, தம்பியைத் தூக்கு என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய் டோர்ச் அடித்தேன்.

நடுக் கதிரையில் லேஞ்சி கிடந்தது. சிவப்புக் கட்டம் போட்டது, நாலாக மடித்தது. குனிந்தபோது கராம்பு எண்ணெய் வாசம் வந்தது.

அப்போதும் நான் பேயை நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். யாரோ லேஞ்சி போட்டிருக்கிறார்கள், ஆள் வரும் என்றுதான் நினைத்தேன். ஊரில் எத்தனை பேரிடம் சிவப்புக் கட்டம் போட்ட லேஞ்சி இருக்கும், மாத்தளையில் கராம்பு வாசத்துக்கா பஞ்சம்? எடுத்து அப்பால் போட்டிருக்கலாம். கை நீண்டது, ஆனால் பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், லேஞ்சி கிடக்கிற இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்க மனம் வரவில்லை. அது ஒன்றுதான் காரணம். திரும்பி வந்து சுமதியிடம், "ஆள் இருக்கு, லேஞ்சி போட்டிருக்காங்க. இங்கேயே இருங்க" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீழே வந்து பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி குடிக்கவில்லை, மேலே ஒரு சத்தம். படத்திலும் அப்போது ஏதோ சண்டைதான் ஓடிக்கொண்டிருந்தது, சனம் விசிலடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது படத்துச் சத்தம் இல்லை. டீக்கோப்பை எங்கே போனது என்று தெரியாது, படியேறி ஓடியது மட்டும்தான் நினைவிருக்கிறது.

மழைத்தண்ணீர் ஊறி ஊறி, கூரைக்கு உள்பக்கம் அடித்திருந்த பலகைகள் பெரிய ஃபேனோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. விழுந்தது அந்த மூன்று கதிரைகளின் மேல். பக்கத்துக் கதிரைக்காரருக்குத் தோளில் சிராய்ப்பு, பின்னால் இருந்தவர்களுக்குத் தலை முழுக்கத் தூசி, வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த மூன்று கதிரைகளும் இரும்பு வளைந்து தரையோடு தரையாகக் கிடந்தன. கதவோரத்தில் சுமதி இரண்டு பிள்ளைகளையும் சேலைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் மூன்று பேரையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

பலகைகளை அள்ளும்போது நானும் கூட நின்றேன், லேஞ்சியைத் தேட. கிடைக்கவில்லை. அதைப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டும் யாரும் வரவில்லை. ஜெனனி மிஸ் கண்டிக்குப் போய்த் தங்கள் ஆட்களோடு கம்ப்யூட்டர் பதிவுகள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்தாராம், அந்த மூன்று கதிரைகளையும் அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை, விடுவிக்கவுமில்லை, காலையிலிருந்து பச்சைதான் என்றார். "அக்கா, நானும் ரெண்டு கண்ணாலயும் சிவப்பைக் கண்டனான். அதால நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். அந்தப் பிள்ளையின் நேர்மைக்காகவும் அவருக்கு நன்றி. முதலாளி கோயிலில் பூசை செய்தார், பள்ளிவாசலில் நானா பேரில் சோறு கொடுத்தார், பிறகுதான் கூரை முழுவதையும் கழற்றிப் புதிதாக அடித்தார்.

நான் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு காதர் நானாவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பைத்தியம் என்று நினைப்பார் என்ற பயத்தோடுதான் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் எடம் பாத்து இருந்துட்டாங்களான்னு பாக்காம அவர் ஊட்டுக்கு வரமாட்டாரே, மகள்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு என் மனம் நிறைந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டு அவரைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். சுமதியின் பிள்ளைகள் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டார்கள், படம் பார்க்க வந்தால் கதவோரத்துக் கதிரைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். நானாவை நினைக்காமல் அவர்களுக்கு நான் ஒருநாளும் டிக்கட் கிழித்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் சாமியோ நானாவோ காப்பாற்றினார்கள் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் வந்ததிலிருந்து நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கால்வலி இல்லாமல் இல்லை, நிறைய இருக்கிறது. போன வாரம் கவுண்டரைத் திறந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான், முந்திய நாள் நான்தான் பூட்டினேன். லைட்டைப் போடுவதற்கு முன்னாலேயே கராம்பு வாசம் வந்துவிட்டது.

கூரையைப் பார்க்க ஆள் கூப்பிட்டேன், கரண்ட்காரரைக் கூப்பிட்டேன், நான் உட்காருகிற கதிரையின் காலைக்கூட ஆட்டிப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றுவிட்டுப் போனார்கள். உட்காராதே என்கிறாரா, இல்லை எனக்கும் எங்கேயோ ஓர் இடம் பிடித்துவிட்டதாகச் சொல்கிறாரா, எனக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும், என்னையும் நினைத்திருக்கிறாரே என்று நன்றியாகத்தான் இருக்கிறது. சரி, ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுங்கள், முதலில் கதிரைப்படம் போடுவதைக் காட்டுகிறேன். கையை மட்டும் அந்தக் கதிரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லேஞ்சி இன்னும் அதன் மேல்தான் கிடக்கிறது.