திரையின் முதல் கேள்வி

இங்கே டொராண்டோ ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் முதலில் பேசுவது கணினித் திரைதான். வரவேற்பு மேசையில் இருப்பவர் அது கேட்பதை வாசிப்பார். பதில் வந்தால்தான் திரை அடுத்த கேள்விக்கு நகரும். என்ன கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று தீர்மானிப்பது என் பிழைப்பு. புதிய திரைக்கு முதல் கேள்வியாக ‘உங்கள் மொழி?’ என்று வைத்தாள் என்னோடு வேலை செய்யும் லிண்டா. உடனே மொழிபெயர்ப்பாளரை அழைக்கலாமே என்றாள். நல்ல எண்ணம்தான். ஆனாலும் எனக்கு ஒரு பழைய காலை நினைவுக்கு வந்தது.

முப்பது வருடங்களுக்கு முன், எல்லைப் போராட்ட நாட்களில், நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் வேலையில் இருந்தேன். எங்கள் ஊர்கள் தமிழோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று பாறசாலைச் சந்தை முழுக்க அதே பேச்சு. பஸ் ஓடாத ஒரு காலையில் தங்கையன் என்ற கூலிக்காரர், நிறைமாத மனைவி ரோசம்மாவை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். பெயரைச் சொன்னார். “வீட்டில என்ன பாஷை பேசுவீங்க?” என்று கேட்டேன். அது மேலிடம் புதிதாகச் சேர்த்திருந்த கேள்வி. பெஞ்சில் காத்திருந்தவர்களை அவர் திரும்பிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் குனிந்து, “உங்களுக்கு எது வேணும் அம்மா? அத எழுதுங்க” என்றார். அதற்குள் வண்டியிலிருந்து ரோசம்மா கத்தினாள்: “எனக்கு நோவு தாங்க முடியல்ல! டாக்டரை விளியுங்க!”

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். மதியத்துக்குள் குழந்தை பிறந்தது. “பெண்ணாக்கும்! தள்ளைக்கும் பிள்ளைக்கும் சுகம்!” என்று தமிழும் மலையாளமுமாகக் கலந்து வராந்தா முழுக்கச் சொல்லித் திரிந்தார் தங்கையன். காலையில் அவர் பயந்து பார்த்த பெஞ்சுக்காரர்களே அவரைப் பிடித்து உட்கார வைத்து, சிரித்துக்கொண்டே சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு இப்போதும் மனம் ஏங்குகிறது.

இதை லிண்டாவிடம் சொன்னேன். “அவருக்குத் தன் மொழி தெரியாதா?” என்றாள்.

“தெரியும். எதைச் சொன்னால் மனைவியை உள்ளே விடுவார்கள் என்பதுதான் தெரியவில்லை.”

“அப்படியென்றால் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு விளக்கம் போடலாமா?”

“வேண்டாம். முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்போம். வாயைத் திறந்தாலே மொழி தெரிந்துவிடும். அந்தக் கேள்வி கடைசியில் இருக்கட்டும். பதில் இல்லாவிட்டாலும் திரை நகரட்டும்.”

லிண்டா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு தானே கேள்வியைக் கீழே இறக்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாறசாலையிலிருந்து தங்கை கமலம் போன் செய்தாள்.

“அக்கா, எப்ப வாறே?”

“மே மாசம் வீட்டுக்கு வாறேன். ரொம்ப நாள் நிக்க முடியாது, வீட்டுக்குத் திரும்பணும்.”

“இதுல எது அக்கா உனக்க வீடு?” என்று சிரித்தாள். அவள் பக்கம் ஓட்டின்மேல் மழை கொட்டும் சத்தம் போனில் கேட்டது. என் ஜன்னலில் பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.