வேறு யாராக இருந்தாலும்

சாமி பேச்சு வந்தால் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவள் நான். அந்தத் திமிரில், "வருசா வருசம் ஆலை வெடிக்குதே மாமா, அப்பல்லாம் உங்க ஆத்தா எங்க போயிருந்தா?" என்று கேட்பேன்.

"நாலெழுத்துப் படிச்சிட்டா ஆத்தாகிட்டயே வாயாடுவியோ மருமகளே" என்று சிரிப்பார்.

அன்று முற்பகல், அம்மா வேலை பார்க்கும் பட்டாசு ஆலைப் பக்கம் வெடித்தது. எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அம்மா இருப்பது மருந்து அடைக்கும் அறை. ஆலைக்குள் செல்போன் கூடாது என்பதால் அவள் போன் அடுப்படி அலமாரியில் கிடந்தது. மாமாதான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விரைந்தார். அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். அதனால் மாமாவுக்குத் தன் வீட்டைப் பற்றிப் பயமில்லை. "ஆத்தா இருக்கா, அழாத" என்று எனக்காகத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இல்லை என்று சொல்லித் திரிந்த சாமியிடம் நானும் கெஞ்சினேன். அம்மாவாக இருக்கக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் சரி.

உடல்களை முகம் பார்த்து அடையாளம் காண முடியவில்லை. ஆலையின் வருகைப் பதிவிலிருந்து அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான்கு பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

"படிச்ச புள்ள, நீ வாசி தாயி" என்று பெண்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். வாசித்தேன். மூன்றாவது பெயர் அம்மாவுடையது. கீழே சரிந்த என்னைத் தாங்கிப் பிடித்து மாமா வாய்விட்டு அழுதார்.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"ஏத்தா, நாந்தான். இருக்கன்குடி ஆத்தா கோயில்ல இருக்கேன். ஒனக்கு வேலை கெடச்சா மாவிளக்குப் போடுறேன்னு நேந்திருந்தேன், அதான் கெடச்சிருச்சே. நீ கேலி பண்ணுவேன்னு சொல்லல. ஆலை வெடிச்சிருச்சாமே? சீசன்ல லீவு போட்டா எடம் போயிரும்னு, அத்தையத்தான் எம் பேருக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஒண்ணுமில்லையே?"

எங்கள் தெருவில் இது வழக்கம்தான். ஒருத்தி போக முடியாத நாளில் இன்னொருத்தி அவள் பெயரில் போவாள். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போர்மேன் முகம் பார்ப்பதில்லை.

போனை அணைத்துவிட்டேன். "அம்மா உயிரோட இருக்காக மாமா" என்றேன். அதை மட்டும்தான் அப்போது சொல்ல முடிந்தது.

மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "பாத்தியா! இப்பவாச்சும் ஒத்துக்கிடு, ஆத்தா இருக்காளா இல்லையா?" துண்டால் முகத்தைத் துடைத்தவர், சுவரில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"அப்போ இந்தப் பேர்ல போனது எந்தப் புள்ளையோ தெரியலையே. பாவம், அவ வீட்டுக்குத் தாக்கல் சொல்லணுமேத்தா. யாருன்னு ஒங்க அம்மா சொன்னாளா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அத்தை இன்னைக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகல."